கப்பலுக்குப் பெட்டி கட்டுவது பற்றி

சொகுசுக் கப்பலில் போவதற்குப் பெட்டியில் என்னென்ன வைக்கலாம் என்று என்னைக் கேட்பவர்கள் நம்ம ஊரிலேயே நாலைந்து பேர் ஆகிவிட்டார்கள். பத்து வருடத்துக்கு முன் உத்திரமேரூரில் இப்படி ஒரு கேள்வி வந்திருந்தால், ரயிலே வராத ஊரில் கப்பல் பேச்சு எதற்கு என்று சிரித்திருப்போம். இப்போது பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். சஷ்டியப்த பூர்த்தி, சதாபிஷேகம் என்று ஏதாவது வந்தால் புடவை வேட்டியோடு ஒரு கப்பல் டிக்கெட்டையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள். 2022 ஜூன் மாதம் முதல்வர் ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் 'எம்ப்ரஸ்' என்ற கப்பலைக் கொடியசைத்து அனுப்பிவைத்தார். அதிலிருந்து நாமும் பஸ் ஏறிப் போய்க் கப்பல் ஏறலாம் என்று ஆகிவிட்டது. அடுத்த ஆண்டே அந்தக் கப்பல் இலங்கையில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போய்வந்தது. அது பிரான்சில் சான் நசேர் என்ற ஊரில் கட்டப்பட்ட கப்பல் என்று படித்தபோது, பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வயதில் கப்பலில் போகிறவருக்கு முக்கியமான சாமான் தோளில் மாட்டுகிற சின்னப் பை. நம் காலத்து ஜோல்னாப் பை மாதிரி, ஆனால் ஜிப் வைத்தது. அந்தப் பையை மகனோ மருமகளோ மனைவியோ கட்டக்கூடாது. போகிறவர் தன் கையால் தானே கட்டவேண்டும். பெரிய பெட்டியை யார் கட்டினாலும் சரி, அதில் ஒன்றிரண்டு மறந்துபோனாலும் சரி, குடி முழுகிப்போகாது.

நம் தலைமுறைக்குப் பெரிய பெட்டி மேல் இருக்கிற ஆசை காரணமில்லாமல் வந்ததல்ல. நான் புதுச்சேரியில் வளர்ந்தவன். எங்கள் பக்கத்துத் தெருவில் 'சைகோன்காரர் வீடு' என்று சொல்லப்படும் வீடுகள் இருந்தன. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் வேலைக்காக இந்தோசீனா போய்த் திரும்பிய குடும்பங்கள் அவை. மெசாஷரி மரித்தீம் என்ற பிரெஞ்சுக் கம்பெனிக் கப்பல்களில் போய்வந்தவர்கள். அந்த வீட்டுத் திண்ணைகளில் பெரிய பெரிய இரும்புப் பெட்டிகள் இருக்கும். மூடியில் வெள்ளை பெயிண்டில் பெயர் எழுதியிருக்கும். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர் அதன் மேல் உட்கார்ந்து கால் ஆட்டினாலும் பெட்டி அசையாது. பிரெஞ்சில் அந்தப் பெட்டிக்கு 'மால்' என்று பெயர். நோவுக்கும் 'மால்' என்றுதான் சொல்வார்கள். கடல் மயக்கத்துக்கு 'மால் தெ மேர்'. எழுத்து வேறு, உச்சரிப்பு ஒன்று. பெட்டியும் 'மால்', நோவும் 'மால்' என்று அன்று பள்ளிக்கூடத்தில் விளையாட்டாகச் சொல்லிச் சிரிப்போம். இந்த வயதில் ஒரு பெட்டியைத் தூக்கி இறக்கினால் அது விளையாட்டல்ல என்று இடுப்பு சொல்லும்.

தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால் 'ரஜூலா' கப்பலை மறக்கமுடியாது. 1926-ல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய ஐம்பது வருடம் ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போகிற 'டெக்' பயணிகள் ஆயிரக்கணக்கில் ஏறுவார்கள். அவர்களுக்குப் பாய், தலையணை, போர்வை, கூஜா, டம்ளர், ஊறுகாய் ஜாடி எல்லாமே அவரவர் சாமானில் இருந்துதான் வரவேண்டும். அதற்குப் பிறகு 'சிதம்பரம்' கப்பல். 'பாஸ்தேர்' என்ற பெயரில் மெசாஷரி மரித்தீம் கம்பெனி ஓட்டிக்கொண்டிருந்த கப்பலை நம் ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி, 1972 முதல் அந்தப் பெயரில் ஓட்டியது. போகிறவர்கள் பிழைப்புக்குப் போனார்கள். திரும்பி வர மூன்று வருடமோ ஐந்து வருடமோ ஆகும். குடும்பத்தையே ஒரு பெட்டிக்குள் அடைத்துக்கொண்டு போனதில் நியாயம் இருந்தது.

இன்றைக்குப் போகிற சொகுசுக் கப்பலில் அந்த நியாயம் எதுவும் கிடையாது. மெத்தை, போர்வை, துண்டு, சோப்பு எல்லாம் அறையிலேயே இருக்கிறது. காலையிலிருந்து இரவு வரை சாப்பாடு ஓயாது. மூன்று நாளிலோ ஐந்து நாளிலோ ஏறின இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். அப்படியும் ரஜூலாவில் பினாங்கு போகிறவர் மாதிரி பெட்டி கட்டுகிறோம். நாலு நாளுக்குப் பத்துச் சட்டை, ஆறு பட்டுப்புடவை, ஒரு சம்படம் முறுக்கு, இன்னொரு சம்படம் அதிரசம். கப்பல் அறை என்பது நம் வீட்டுப் பூஜை அறையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அங்கே இரண்டு பெரிய பெட்டியைத் திறந்து வைத்தால் கழிவறைக்குப் போக வழி இருக்காது. ராத்திரியில் எழுந்து போகிறவர்கள் தடுக்கி விழுவது இப்படித்தான்.

பள்ளியில் எங்களுக்கு ழூல் வெர்ன் எழுதிய எண்பது நாளில் உலகைச் சுற்றும் கதை உண்டு. அதில் வருகிற பிலியாஸ் ஃபாக் உலகம் சுற்றப் புறப்படும்போது வேலைக்காரனிடம் பெட்டியே வேண்டாம் என்பார். ஆளுக்கு இரண்டு கம்பளிச் சட்டை, மூன்று ஜோடி காலுறை, ஒரே ஒரு பை. மீதியை வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு. அந்தப் பையில் இருபதாயிரம் பவுன் நோட்டுக் கட்டும் இருந்தது என்பது வேறு விஷயம். நம்மிடம் பவுன் இல்லை. ஆனால் அவரிடம் பிரஷர் மாத்திரையும் இல்லை. நமக்கு இருக்கிறது. அதனால் பையின் அளவை அவரிடமிருந்தும், பைக்குள் வைக்கிறதை நம் டாக்டர் சீட்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சுலபமான அளவுகோல் சொல்கிறேன். இங்கிருந்து செங்கல்பட்டோ காஞ்சிபுரமோ போய்த்தான் நாம் எங்கேயும் போகமுடியும். யார் உதவியும் இல்லாமல் நீங்களே தூக்கி பஸ் படியில் வைக்க முடிகிற பெட்டிதான் உங்கள் பெட்டி. மகன் கார் வைத்து அனுப்பினாலும் அளவுகோல் இதுவேதான். கார் துறைமுக வாசல் வரைக்கும்தான் வரும்.

இப்போது தோள்பைக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் மகன் ஏற்பாட்டில் நானும் என் மனைவியும் சிங்கப்பூர் போய் அங்கிருந்து ஒரு கப்பலில் நாலு நாள் சுற்றினோம். ரஜூலா ஒரு வாரம் எடுத்துக்கொண்ட தூரத்தை விமானத்தில் நாலு மணி நேரத்தில் முடித்துவிட்டோம். கப்பல் ஏறும் இடத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிச் சீட்டு ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். அது அறைக்கு வந்துசேர மணிக்கணக்கில் ஆகும். பல கப்பல்களில் இதுதான் நடைமுறை. எங்களோடு ஏறியவர்களில் நம் மாவட்டத்துக்காரர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், என்னைவிட மூன்று வயது பெரியவர். மதியம் ஏறினோம். ராத்திரி ஒன்பது மணி வரை அவர் பெட்டி வரவில்லை. இன்சுலினும் மாத்திரையும் அந்தப் பெட்டிக்குள். இன்சுலின் போடாமல் சாப்பிடலாமா, சாப்பிடாமல் இருந்தால் மயக்கம் வருமா என்று தெரியாமல் அந்த அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

மொழி உதவிக்கு நானும் கூடப் போனேன். கப்பல் டாக்டர் நல்லவர். பொறுமையாகக் கேட்டார்.

"என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?"

"காலையில ஒரு வெள்ளை, சின்னது. ராத்திரி ஒரு ரோஸ். இன்னொன்னு பாதி உடைச்சுப் போடணும். பேரெல்லாம் மருமகளுக்குத்தான் தெரியும்."

"இன்சுலின் எது? எத்தனை யூனிட்?"

"அதுவும் அவங்கதான் பேனாவுல திருப்பி வெச்சுக் குடுப்பாங்க."

மருமகள் ஊரில். நடுக்கடலில் போனில் சிக்னல் இல்லை. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மனிதர், தன் உடம்புக்கு என்ன மருந்து என்று சொல்லமுடியாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, அரை மணிக்கு ஒருதரம் வந்து கவனித்தார். பத்து மணிக்கு மேல் பெட்டி வந்தது. ஆபத்து இல்லாமல் போயிற்று. ஆனால் மீதி மூன்று நாளும் அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. உடல் கஷ்டத்தைவிட அந்தக் கூச்சம்தான் அவரை வாட்டியது என்று எனக்குத் தோன்றியது.

அந்த மருமகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தினமும் வேளை தவறாமல் மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண் கிடைப்பது பாக்கியம். அன்போடு செய்கிற காரியம்தான். ஆனால் அந்த அன்பில் நாம் சாய்ந்துகொண்டே போய், நம் உடம்பின் கணக்குப் புத்தகத்தை நாமே திறந்து பார்க்காமல் விட்டுவிடுகிறோம். ஆண்களிடம் இது அதிகம். அலுவலகத்தில் எந்த அலமாரியில் எந்தக் கோப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவர்களுக்கு வீட்டில் தன் பனியன் எங்கே என்று தெரியாது. "ஏங்க, எல்லாம் நானே வெச்சுட்டேன், நீங்க சும்மா இருங்க" என்று வீட்டம்மா சொன்னால் சந்தோஷமாகச் சும்மா இருந்துவிடுவோம். அந்தம்மாவுக்கும் எழுபது ஆகிறது. அவர்களுக்கும் மாத்திரை இருக்கிறது. அவர்களுக்கு யார் பெட்டி கட்டுவது என்று நாம் கேட்பதில்லை.

ஆகவே, மருந்தை நீங்களே எடுத்து வையுங்கள். அட்டையோடு வையுங்கள். உதிரியாக டப்பாவில் கொட்டி வைத்தால் எது எது என்று யாராலும் சொல்லமுடியாது. டாக்டர் சீட்டின் நகல் கூட இருக்கட்டும். ஒரு வெள்ளைத் தாளில் மாத்திரை பெயர், அளவு, வேளை மூன்றையும் உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். எழுதும்போதே பாதி மனப்பாடம் ஆகிவிடும். விமானத்தில் போவதானால் இன்சுலினைக் கீழே போடுகிற பெட்டியில் வைக்கக்கூடாது. அங்கே குளிர் அதிகமாகி மருந்து உறைந்து கெட்டுப்போகலாம். சர்க்கரை குறைந்தால் வாயில் போட நாலு மிட்டாயும் வேண்டும்.

பயணம் ஐந்து நாள் என்றால் பத்து நாளைக்கு மருந்து எடுங்கள். கடல் நம் அட்டவணைப்படி நடக்காது. ஐப்பசி கார்த்திகையில் நம் கரையில் புயல் எப்போது கிளம்பும் என்று சொல்லமுடியாது. புயல் இல்லாமலும் திட்டம் மாறும். 2022-ல் அந்த எம்ப்ரஸ் கப்பல் புதுச்சேரிக்கு எதிரே கடலில் வந்து நின்றும், கப்பலில் சூதாட்டம் உண்டு என்ற சர்ச்சையில் அரசு அனுமதி கிடைக்காததால் பயணிகள் இறங்க முடியவில்லை. நான் வளர்ந்த ஊர் என்பதால் அந்தச் செய்தியை விடாமல் படித்தேன். கரையில் கால் வைத்தால் மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் யாரும் கப்பல் ஏறக்கூடாது.

கடல் மயக்கத்துக்கு மாத்திரை உண்டு. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த வகை மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர்களுக்கும், பிராஸ்டேட் தொல்லையால் சிறுநீர் போகச் சிரமப்படுகிறவர்களுக்கும் சில மாத்திரைகள் ஆகாது. புறப்படும் முன்பே டாக்டரைக் கேட்டு வாங்கி வையுங்கள். எங்களுக்கு இஞ்சி மரப்பாவே போதுமாக இருந்தது. தலை சுற்றினால் அறைக்குள் முடங்காமல் மேல்தளம் போய்த் தூரத்தில் கடலும் வானமும் சேருகிற கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் அடங்கிவிடுகிறது. அறை எடுக்கும்போதே கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

காகிதங்கள் அடுத்தது. உங்களில் பலர் கருவூலத்துக்கு மஸ்டரிங் போகிறவர்கள். அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் உறை எல்லோர் வீட்டிலும் இருக்கும். அதைப் போல ஒன்று போதும். உள்நாட்டுப் பயணத்துக்கு ஆதார் அசல், இலங்கை போன்ற இடத்துக்கு பாஸ்போர்ட், டிக்கெட், மருத்துவக் காப்பீட்டுத் தாள். காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, இருதயம் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பணம் வேண்டிய நேரத்தில் வராது. பிள்ளைகளின் போன் எண்களைத் தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். செல்போன் அணைந்துவிட்டால் நமக்கு ஒரு எண் கூட ஞாபகம் வராது. கப்பல் கரையைத் தாண்டியதும் செல்போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கப்பலின் சாட்டிலைட் சிக்னலைப் பிடித்துக்கொண்டு பில் எகிறிவிடும்.

மூக்குக் கண்ணாடி இரண்டு, காது மிஷினுக்கு பேட்டரி, பல் செட் டப்பா, ஒரு மாற்று உடுப்பு. பல கப்பல்களில் கடைசி இரவே பெரிய பெட்டியை அறை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். மாற்று உடுப்பையும் உள்ளே போட்டுக் கட்டிவிட்டால் மறுநாள் காலை லுங்கியோடுதான் இறங்கவேண்டும்.

பெரிய பெட்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அறையிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் ஏசி எலும்பைக் குத்தும்; ஒரு சால்வை, ஒரு குல்லாய் தேவை. மேல்தளத்தில் காற்று அடிக்கிற அடியில் சாதாரண வேட்டி நிற்காது. ஒட்டிக்கோ வேட்டியோ பேண்ட்டோ உத்தமம். ஹவாய் செருப்பு ஈரத்தளத்தில் வழுக்கும். பின்னால் வார் வைத்த ரப்பர் செருப்பு எடுங்கள். கழிவறைக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் மக். இதைச் சொல்ல எல்லோரும் வெட்கப்படுகிறார்கள். எந்தக் கப்பலில் எப்படி இருக்கும் என்று தெரியாதபோது, அந்த மக் பட்டுச் சட்டையைவிட மேல்.

எடுக்கக்கூடாதவற்றில் அயர்ன் பாக்ஸ், தண்ணீர் கொதிக்க வைக்கிற காயில், கெட்டில் முதலில். அவற்றோடு கற்பூரம், ஊதுபத்தி, தீப்பெட்டி. விடியற்காலை விளக்கேற்றிக் கும்பிட்டுப் பழகியவர்களுக்கு இது மனக்கஷ்டம்தான். ஆனால் கப்பலில் நெருப்பு என்பது வீட்டில் நெருப்பு மாதிரி இல்லை. ஓட வாசல் கிடையாது. நான் மேலே சொன்ன சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் சென்னைக்கு வருகிற வழியில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. அந்தக் கப்பலின் ஓட்டமும் அதோடு முடிந்தது. சின்ன சாமி படம் ஒன்று வைத்துக் கைகூப்பினால் போதும், பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டில் செய்த பலகாரத்தையும் பெரும்பாலான கப்பல்கள் அனுமதிப்பதில்லை. சைவச் சாப்பாடு வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவைத்தால் கிடைக்கிறது.

கப்பலிலும் ஒரு மஸ்டரிங் உண்டு என்பதை ஏறின பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆபத்து வந்தால் யார் எங்கே கூடவேண்டும் என்று காட்டுகிற ஒத்திகைக்கு 'மஸ்டர்' என்றுதான் பெயர். முழங்கால் வலி என்று அறையில் படுத்துவிடாமல் அவசியம் போங்கள். உண்மையில் சங்கு ஊதினால் பெட்டியை எடுக்க விடமாட்டார்கள். உடம்போடு இருப்பதுதான் கூட வரும். அதனால்தான் தோள்பையை இவ்வளவு வலியுறுத்துகிறேன். அறையை விட்டு எப்போது வெளியே போனாலும் அன்றைய மருந்தும் கண்ணாடியும் உங்கள் மேல் இருக்கட்டும்.

நம் ஊர் குடவோலைக் கல்வெட்டு சபை உறுப்பினருக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று வரம்பு வைத்தது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தைய விதி. அந்தக் கணக்கில் எழுபத்து நாலு வயதான நான் எப்போதோ வெளியே. கப்பலுக்கு அப்படி வரம்பில்லை என்பது நல்ல காலம். ஆனால் ஒவ்வொரு ஓலையாகத் தகுதி பார்த்துக் குடத்தில் போட்ட அந்த முறை பெட்டிக்கும் பொருந்தும். இது இல்லாமல் ஒரு ராத்திரி தள்ளமுடியுமா என்று ஒவ்வொரு பொருளையும் கேளுங்கள். முடியாது என்பது தோள்பைக்கு. முடியும் என்பது பெரிய பெட்டிக்கு. வேண்டவே வேண்டாம் என்பது அலமாரிக்கு.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பா அம்மாவைக் கப்பலில் அனுப்புகிறீர்கள், நல்லது. பெட்டி நீங்களே கட்டிக்கொடுங்கள், தடுக்கவில்லை. மருந்துப் பையை மட்டும் அவர்கள் கையில் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மெதுவாகத்தான் கட்டுவார்கள். ஒரு மாத்திரையை மூன்று தரம் எண்ணுவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களே, பை கட்டி முடித்ததும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வைகுண்டப் பெருமாள் கோயில் வரை ஒருதரம் நடந்து போய்த் திரும்பி வாருங்கள். தோள் வலித்தால் பையிலிருந்து எதையாவது எடுத்துவிடுங்கள். மருந்தை மட்டும் எடுக்காதீர்கள்.